மூணாவது ரூம் ஏசி

ஏசி மெக்கானிக்தான் சார். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி வீடு வீடாப் போயி ஏணி சாத்துற மெக்கானிக் இல்ல. கேரவன் ஏசி. சினிமா ஷூட்டிங் நடக்கிற எடத்துல பஸ் மாதிரி நீளமா ஒரு வண்டி நிக்கும், பாத்திருக்கீங்களா? உள்ள சோபா, கட்டில், கண்ணாடி, பாத்ரூம் எல்லாம் இருக்கும். நடிக்கிறவங்க ஒரு ஷாட்டு முடிஞ்சு அடுத்த ஷாட்டு வரைக்கும் அதுலதான் உக்காந்திருப்பாங்க. எங்க வண்டில மூணு ரூமு. மூணு ரூமுக்கும் மூணு ஏசி. மூணு ஏசிக்கும் நான் ஒரு ஆளு. பதினாலு வருஷம் சார், ஒரே வண்டி.

இப்ப இல்ல. அதத்தான் சொல்ல வர்றேன்.

நீங்க எதுவரைக்கும்? அருப்புக்கோட்டையா, சரி சரி. நான் மதுரை போயி அங்கருந்து மெட்ராஸ் வண்டி பிடிக்கணும். திருச்செந்தூருக்கு நான் சாமி கும்பிட வரல சார். ஸ்டேஷனுக்கு வந்தேன். போலீஸ் ஸ்டேஷன். நகர்ந்து உக்காராதீங்க, நான் ஒண்ணும் திருடிட்டு வரல. ஒரு கேஸ் ஓடிட்டிருக்கு, கையெழுத்துப் போட வரச் சொன்னாங்க. போட்டுட்டு வர்றேன். அம்பத்தி மூணு வயசு வரைக்கும் போலீஸ்காரங்க முன்னாடி நின்னது கிடையாது. ஒருத்தன் பண்ண துரோகத்துல இன்னிக்கு பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க.

எபினேசர்னு பேரு. எங்க வண்டி டிரைவர். இந்தப் பக்கத்துக்காரன்தான், நாசரேத்து. நான் எபின்னு கூப்பிடுவேன். என் பேரு தணிகாசலம், அவனுக்கு எப்பவும் அண்ணன். கூடப் பொறந்தவன்கூட அப்படி வாய் நிறைய அண்ணேன்னு கூப்பிட மாட்டான். பதினாலு வருஷத்துல எத்தனை ஊரு, எத்தனை காடு. ஒரே இலையில சாப்பிட்டிருக்கோம். ஆந்திரா பார்டர்ல ஒரு ஷூட்டிங், நான் வண்டி மேலருந்து விழுந்து கால் மடங்கிப் போச்சு. ரோடு வரைக்கும் முதுகுல தூக்கிட்டுப் போனான். அவன் பண்ணத இல்லேன்னு சொல்ல மாட்டேன். நானும் பண்ணிருக்கேன். பொள்ளாச்சில ஒரு பங்களா கேட்டுல வண்டிய உரசிட்டான். பக்கவாட்டுல பெரிய சொட்டை. வண்டி முதலாளி போன்ல காச்சு காச்சுன்னு காச்சுறாரு. நான் போன வாங்கி, "சார், நான்தான் பின்னாடி நின்னு வா வான்னு சொன்னேன், என் தப்பு"ன்னேன். எபி பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தான். இல்ல சார் என் தப்புன்னு அன்னிக்கு அவன் சொல்லல. வாங்கிக்கிட்டான். இத நீங்க மனசுல வெச்சுக்கங்க.

போன சித்திரையில நடந்தது இது. இங்கதான், இந்தத் தேரிக் காட்டுல. செக்கச் செவேல்னு மணலு, நடுநடுவுல பனை. பாலைவனம் மாதிரி காட்டணும்னு டைரக்டரு இங்க கொண்டாந்து போட்டுட்டாரு. முப்பது நாள் வேலை. எறங்கி மேல பாத்தேன், கண்ணு கூசுது. கீழ பாத்தேன், மண்ணு மாவு மாதிரி இருக்கு. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, இது நமக்கும் மண்ணுக்கும் நடக்கப் போற சண்டைன்னு.

ஏசின்னா என்னான்னு நினைக்கிறீங்க? சுவிட்சு போட்டா குளிரும், அவ்வளவுதானே? உள்ள இருக்கிற சூட்ட எடுத்து வெளிய கொட்டுறதுதான் அதோட வேலை. வெளிய இருக்கிற யூனிட்டு மூச்சு விடணும். நம்ம மூக்குல பஞ்ச வெச்சு அடைச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தச் செம்மண்ணு போயி காயில்ல, அதான் அந்தக் குழாச் சுருள்ல, அடைச்சுக்கும். வீட்டுல ஆறு மாசத்துக்கு ஒருக்க சர்வீஸ் பண்ணுவாங்க. தேரில நான் ஒரு நாளைக்கு மூணு தடவை பண்ணேன் சார். வெள்ளன எந்திரிச்சு பில்டர் மூணையும் கழட்டி அலசி நிழல்ல காய வெப்பேன். மேல ஏறி காயிலுக்குத் தண்ணி அடிப்பேன். ரொம்ப வேகமா அடிச்சா தகடு மடங்கிரும், மடங்குனா காத்து போகாது. குழந்தைக்குத் தண்ணி ஊத்துற மாதிரி ஊத்தணும். தகரம் சுடும்னு மேல பச்சை வலை கட்டுனேன், ஈரச் சாக்கு போட்டேன். வண்டி பக்கம் வெயிலு எப்படித் திரும்புதுன்னு பாத்து எபிகிட்ட சொல்லி வண்டியத் திருப்பி நிறுத்தச் சொல்லுவேன். அவனும் மூஞ்ச சுளிக்காம நிறுத்துவான்.

மூணு ஏசியும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆகக் கூடாது, ஜெனரேட்டர் தாங்காது. மொதல்ல ஹீரோயின் ரூமு, அப்புறம் நடு ரூமு, அப்புறம் மூணாவது. ஜெனரேட்டரு வண்டிக்குள்ளயே இருக்கு, பின்னாடி அடியில, ஒரு பொட்டிக்குள்ள. அதுக்கு மேலதான் மூணாவது ரூமு. மூணாவது ரூமு எப்பவும் எனக்குத் தலைவலி. கீழ இன்ஜின் சூடு, மேல வெயிலு. மத்த ரெண்டு ரூமும் ஐஸ் மாதிரி இருக்கும், இது மட்டும் இழுத்துக்கிட்டே இருக்கும். அந்த ரூமுல குளிர் நிக்க வெக்கிறதுக்கு நான் பட்ட பாடு என் பொண்டாட்டிக்குத் தெரியும், போன்ல அதத்தான் பேசிட்டிருப்பேன். வேற எதாச்சும் பேசுங்கன்னு வெச்சுருவா.

பத்து நாள் நல்லாப் போச்சு. கரகரன்னு ஓடுச்சு. டைரக்டரே ஒரு நாள், "தணிகா, உன் வண்டிக்குள்ள வந்தா ஊட்டி, வெளிய போனா தேரி"ன்னாரு. எல்லார் முன்னாடியும் சொன்னாரு.

பதினோராம் நாளு ஒரு பிரச்சனை. ஏசி ஓடுனா தண்ணி சொட்டும் இல்லீங்களா, அது ஒரு பைப் வழியா வெளிய போகும். மூணாவது ரூம் பைப்பு முன் படிக்கட்டு பக்கம் வந்து விழுந்துட்டிருந்துச்சு. சாதாரண ஊர்ல அது ஒரு விஷயமே இல்ல. இங்க செம்மண்ணு. சொட்டிச் சொட்டி படிக்கட்டுகிட்ட ரத்தம் மாதிரி சேறு. ஹீரோயின் பொண்ணு வெள்ளைப் பாவாடை கட்டிக்கிட்டு எறங்குது, கீழ்பக்கம் பூரா செகப்பு. ஒரே ஒரு பாவாடை, மாத்து கிடையாது. புரொடக்‌ஷன் மேனேஜர் சீதாபதி வந்து குதிக்கிறாரு. "ஒரு பைப்ப ஒழுங்கா விடத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்குய்யா கேரவனு?" எல்லார் முன்னாடியும் சொன்னாரு சார். அதே எடம். டைரக்டரு ஊட்டின்னு சொன்ன அதே எடம்.

நான் என்ன பண்ணேன், டிரில்லிங் மெஷின எடுத்துட்டு வந்து மூணாவது ரூம் தரையில, கட்டிலுக்கு அடியில ஒரு ஓட்டை போட்டேன். பைப்ப நேரா கீழ எறக்கிட்டேன். தண்ணி ஜெனரேட்டர் பொட்டி ஓரமா விழுந்து பின்னாடி மண்ணுல போயிரும். கால் மணி நேர வேலை. படிக்கட்டு காஞ்சு போச்சு. சீதாபதி வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாரு. அவரு ஒண்ணும் சொல்லலேன்னா அது பாராட்டு.

எபி மட்டும் குனிஞ்சு பாத்தான். "அண்ணே, ஓட்டை பெருசா இருக்கே. பைப்பு போக சுத்தி விரல் போவுது. கீழ இன்ஜினு. புகை கிகை ஏறிராம. அடைச்சிருண்ணே"ன்னான்.

"அடைக்கிறேன்டா, எம்சீல் வாங்கணும்"னேன். அடைக்கிற மாவு சார், பிசைஞ்சு வெச்சா கல்லு மாதிரி ஆயிரும். அடைக்கக் கூடாதுன்னு எனக்கு என்ன வேண்டுதலா? திருச்செந்தூருக்கு வண்டி போறப்ப வாங்கிட்டு வரச் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த நாளு கெபாசிட்டர் போச்சு, அதுக்கு அலைஞ்சேன். அதுக்கு அடுத்த நாளு காத்து, மண்ணு, ஒரே ஓட்டம். ஒரு ஆளு எத்தன பாக்குறது?

அவனும் யோக்கியன் இல்ல சார், அதையும் கேளுங்க. ஜெனரேட்டர் புகை வெளிய போற குழா இருக்குல்ல, அது வர்ற வழியில ஒரு வேகத்தடைல இடிச்சு இணைப்பு விட்டுப் போச்சு. எபி அதக் கம்பிய வெச்சுக் கட்டி வெச்சிருந்தான். வெல்டிங் வைக்கணும், ஷூட்டிங் லீவு விடட்டும்னு இருந்தான். அவன் குழாய கம்பியக் கட்டி விட்டான், நான் ஓட்டையச் சும்மா விட்டேன். ரெண்டும் சரிக்குச் சரி. இல்லியா?

பூங்காவனம் அக்காவச் சொல்லணும். காஸ்ட்யூம்ல டெய்லரு. புருஷன் இல்ல, ஒரே பையன், வெளிநாட்டுல இருக்கான். இந்தத் தொழில்ல முப்பது வருஷம். ஒரு மெஷின், ஒரு ஸ்டூலு, கழுத்துல டேப்பு, அவ்வளவுதான் அவங்க. தார்ப்பாய் கட்டி அதுக்கடியில உக்காந்து தைப்பாங்க. அந்த வெயில்ல தார்ப்பாய்க்கு அடியில உக்காந்தா இட்லிப் பானைக்குள்ள உக்காந்த மாதிரி. கேரவனுக்குள்ள டெய்லரெல்லாம் ஏறக் கூடாதுன்னு சட்டம். யாரும் எழுதி வெக்கல, ஆனா சட்டம்.

பதினாலாம் நாளு மத்தியானம். சாப்பாடு முடிஞ்சிருச்சு. அக்கா மெஷின்மேலயே தலைய சாச்சு உக்காந்திருக்காங்க. மொகமெல்லாம் வெளுத்துப் போயி, நெத்தில ஒரு பொட்டு வேர்வை இல்ல. அது ஆபத்து சார், வெயில்ல வேர்வை நின்னா ஆபத்து. அன்னிக்கு மூணாவது ரூமு காலி, அந்த ரூம் ஆளுக்கு சீன் இல்ல. "வாங்கக்கா, ஒரு மணி நேரம் உள்ள படுங்க"ன்னேன்.

"வேணாம் தணிகா, சீதாபதி பாத்தாருன்னா கத்துவாரு"ன்னாங்க.

"அவரு கத்துனா நான் பாத்துக்கறேன். நீங்க படுங்க. நம்ம ஏசிய ஒரு நாளாச்சும் நீங்களும் அனுபவிச்சுப் பாருங்க"ன்னேன்.

நான் கூப்பிட்டேன் சார். வேற யாரு கூப்பிட்டா? அத்தன பேரு இருந்தாங்க, எவன் கண்ணுலயும் அந்தம்மா படல. நான் கூப்பிட்டு உள்ள படுக்க வெச்சேன். இத ஒருத்தனும் பேச மாட்டேங்குறான்.

உள்ள வந்து படுத்தாங்க. பத்து நிமிஷம் கழிச்சு எட்டிப் பாத்தேன். "என்னக்கா, குளிருதா?"ன்னேன். "குளிரு நல்லாருக்கு. என்னமோ ஒரு வாடை வருது தணிகா, தலை லேசா வலிக்குது"ன்னாங்க. "வெயில்ல கெடந்துட்டு சடக்குன்னு குளிருக்கு வந்தா அப்படித்தான் இருக்கும். செம்மண்ணு காயில்ல ஒட்டுனா ஒரு வாடை வரும், அது போகப் போக சரியாயிரும். கண்ண மூடுங்க"ன்னு சொல்லிட்டு நான் மேல ஏறிட்டேன். மூணாவது யூனிட்டு அன்னிக்குக் கொஞ்சம் திணறுன மாதிரி இருந்துச்சு. தண்ணி அடிச்சேன், தகடு சீவுனேன். வெயிலு மண்டையப் பிளக்குது. நான் யாருக்காக மேல நின்னேன்? அந்தம்மாவுக்குக் குளிரணும்னுதானே?

ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும். ஹீரோயின் ஜாக்கெட்டுல கொக்கி தெறிச்சிருச்சுன்னு அக்காவத் தேடுறாங்க. எபிக்குத் தெரியும், நான் உள்ள விட்டது. அவன் போயி கதவத் தட்டிருக்கான். சத்தமில்ல. தொறந்திருக்கான்.

நான் மேல இருக்கேன். திடீர்னு மூணு யூனிட்டும் நின்னு போச்சு. பேன் சுத்துறது அப்படியே அடங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஓடிட்டிருக்கிற கம்ப்ரஸர அப்படி நிறுத்தக் கூடாது சார், அடி வாங்கிரும். "எவன்டா ஜெனரேட்டர ஆஃப் பண்ணது?"ன்னு மேலருந்து கத்துறேன். ஹீரோயின் பொண்ணும் கதவத் தொறந்துக்கிட்டு என்னாச்சு என்னாச்சுங்குது. கீழ பாத்தா எபி, அக்காவ ரெண்டு கையாலயும் தூக்கிட்டு வர்றான். அக்கா கை ரெண்டும் தொங்குது. மொகம் செவந்து கெடக்கு, ஆனா உசிர் இல்லாத மாதிரி இருக்கு. மண்ணுல படுக்க வெச்சு, "அண்ணே, எறங்கி வா, உள்ள பூரா புகைண்ணே"ன்னு அழுதான். ஆமா, அழுதான். அத நான் மறைக்கல.

புரொடக்‌ஷன் வேன்ல போட்டு எடுத்துட்டுப் போனோம். என் மடில தலை, அவன் வண்டி ஓட்டுறான். ஹாரன்ல வெச்ச கைய அவன் எடுக்கவே இல்ல.

டாக்டர் சொன்னாரு, புகைக் காத்து ரத்தத்துல கலந்திருச்சு, இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா நீங்க இங்க வரவேண்டிய வேலையே இல்லன்னு. ஆக்சிஜன் வெச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் வராந்தால நின்னோம். என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கம்பி கட்டுன எடத்துல குழா விட்டுப் போச்சு, புகை பொட்டில நிறைஞ்சு ஓட்டை வழியா மேல ஏறிருச்சு.

நான்தான் மொதல்ல வாய தொறந்தேன். "எபி, பயப்படாத. இது மாதிரி நேரத்துல வாய்க்கு வந்தத சொல்லிரக் கூடாது. ஓட்டை வண்டி வாங்குனப்பவே இருந்துச்சுன்னு நான் சொல்றேன். குழா அன்னிக்குத்தான் விட்டுச்சு, தெரியாதுன்னு நீ சொல்லு. முடிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் புள்ளகுட்டிக்காரங்க"ன்னேன்.

அவன் தலைய குனிஞ்சுக்கிட்டே நின்னான். வேணாம்னு சொல்லலியே சார். மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஊம்னானா இல்லியான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சந்தேகம். ஆனா நான் ஊம்னான்னுதான் எடுத்துக்கிட்டேன். பதினாலு வருஷமா அவன் சும்மா நின்னா அதுக்கு அர்த்தம் சரின்னுதான்.

மறுநாள் காலையில முதலாளி தூத்துக்குடிக்கு பிளைட் ஏறி வந்துட்டாரு. பந்தல் போட்ட எடத்துல சேர் போட்டு முதலாளி, சீதாபதி, ஒரு எஸ்.ஐ. உக்காந்திருக்காங்க. மொதல்ல என்னையக் கேட்டாங்க. நான் தெளிவா சொன்னேன். "ஏசில ஒரு குறையும் இல்ல சார். கேஸ் லீக் இல்ல. பில்டர் சுத்தம். வேணும்னா கழட்டிப் பாருங்க. தரையில ஓட்டை இருந்துச்சுன்னா அது வண்டி கட்டுனவங்க விட்டது"ன்னேன்.

அப்புறம் எபிய கேட்டாங்க.

எந்திரிச்சு நின்னான். கையக் கட்டிக்கிட்டான். "சார், புகைக் குழா வர்ற வழியிலேயே விட்டுப் போச்சு. நான் கம்பியக் கட்டி ஓட்டிட்டிருந்தேன். வெல்டிங் வெச்சிருக்கணும், வெக்கல. அது என் தப்பு"ன்னான். ஒருத்தரும் கேக்கல சார். குழா அன்னிக்குத்தான் விட்டுச்சான்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். கேக்குறதுக்கு முன்னாடியே சொல்றான்! நான் அவனையே பாக்குறேன், அவன் என்னப் பாக்கல. அப்புறம் சொன்னான், "அந்த ஓட்டைய அண்ணன் நாலு நாள் முன்னாடி போட்டாரு. அடைக்கச் சொன்னேன். அடைக்கல. நானாவது அடைச்சிருக்கணும்."

எனக்குக் காதுல ஒரு சத்தம் சார், ங்ஙொய்னு. எஸ்.ஐ. திரும்பி என்னப் பாக்குறாரு. முதலாளி பாக்குறாரு. சீதாபதிக்கு மொகத்துல ஒரு தெளிச்சி. நான் பொய் சொன்னவன் ஆயிட்டேன். பொய் சொன்னதுதான், ஆனா ரெண்டு பேருக்காகவும் சொன்ன பொய் அது. அவன் உண்மைய சொல்லி என்ன மட்டும் பொய்யன் ஆக்கிட்டான்.

பொள்ளாச்சில கேட்டுல உரசுனப்ப நான் என்ன பண்ணேன்? என் தலைல போட்டுக்கிட்டேன்ல? அன்னிக்கு என் பொய் அவனுக்கு இனிச்சுச்சு. அன்னிக்கு ஏன் கையக் கட்டிக்கிட்டு நிக்கல இந்த அரிச்சந்திரன்? அது வேற இது வேறங்குறான் என் பொண்டாட்டியோட தம்பி. அங்க நசுங்குனது தகரம் மாமா, இங்க ஒரு பொம்பளங்குறான். எனக்குத் தெரியாதா? நான் அத சொல்லல. நான் நன்றியச் சொல்றேன்.

ரெண்டு பேரையும் அன்னிக்கே வண்டிய விட்டு எறக்கிட்டாங்க. ரெண்டு பேர் மேலயும் கேஸு. பதினாலு வருஷம் நான் பாத்த யூனிட்டுகள வேற எவனோ வந்து கம்ப்ரஸர் காத்து வெச்சு தூசி அடிக்கிறான், தகடெல்லாம் மடங்கும்னு சொல்லக்கூட எனக்கு வாய் இல்ல. யூனியன்ல பேசிப் பாத்தேன். "எபியே ஒத்துக்கிட்டானேப்பா"ங்குறாங்க. எல்லாத்துக்கும் அவன் ஒத்துக்கிட்டது ஒண்ணுதான் பதிலு.

அக்கா பொழைச்சுட்டாங்க. அது முருகன் புண்ணியம். ஒரு மாசம் கழிச்சு சூளைமேட்டுல அவங்க வீட்டுக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். அவங்க அக்கா மக கூட இருந்து பாத்துக்குது. நல்லாத்தான் பேசுனாங்க. ஆனா கை நடுங்குது சார். ஊசில நூலக் கோக்க வரல. என் முன்னாடியே ரெண்டு மூணு தடவ முயற்சி பண்ணிப் பாத்தாங்க, நூலு ஊசிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போவுது. அப்புறம் சிரிச்சுக்கிட்டே ஊசிய டப்பால போட்டு மூடிட்டாங்க. போகப் போக சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிருக்காராம்.

"போலீஸு வந்து கேட்டாங்க தணிகா"ன்னாங்க. "படுத்தேன், தூங்கிட்டேன், அதுக்கு மேல ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேன்"னாங்க. "நெஜமாவே ஞாபகம் இல்லியாக்கா?"ன்னேன். என் மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. "டீ குடிக்கிறியா?"ன்னாங்க.

பாத்தீங்களா? பாதிக்கப்பட்ட அந்தம்மாவே என் பேர சொல்லல. கைய இழந்துட்டு உக்காந்திருக்காங்க, அவங்களுக்கு இருக்கிற பெருந்தன்மை கூட இருந்தவனுக்கு இல்ல. இத நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

அதுக்கப்புறம் எபி நிறைய தடவ போன் பண்ணான். எடுக்கல. அவன் இப்ப ஊரோட வந்துட்டான், தண்ணி லாரி ஓட்டுறானாம். மாசாமாசம் அக்காவுக்கு என்னமோ அனுப்புறான்னு கேள்விப்பட்டேன். நல்லவன் வேஷம்.

இன்னிக்குக் காலையில ஸ்டேஷன்ல அவனும் வந்திருந்தான். ஒரே பெஞ்சு. அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம். கையெழுத்துப் போட்டுட்டு நான் விறுவிறுன்னு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். பின்னாடியே வந்துட்டான். நீங்க பாத்திருப்பீங்களே, இந்த பஸ்சு கெளம்புறதுக்கு முன்னாடி ஜன்னல்கிட்ட ஒருத்தன் நின்னுட்டிருந்தானே, காக்கிச் சட்டை, நரைச்ச தாடி? அவன்தான்.

"சாப்டியாண்ணே?"ன்னான்.

"என் மேல கோவமா இருப்ப, தெரியும். இருந்துக்கோ. ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ"ன்னான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். காதை என்ன பண்றது? கேக்கத்தானே செய்யும். "அன்னிக்கு நான் ஓட்டையச் சொன்னேன், குழாயச் சொன்னேன். செருப்பச் சொல்லலண்ணே. நான் டீ டேபிள் பக்கம் நின்னுட்டிருந்தேன், பாத்தேன். அத நான் போலீஸ்ல சொல்லல, முதலாளிட்ட சொல்லல, கர்த்தர் மேல சத்தியமா என் பொண்டாட்டிட்ட கூட சொல்லல. அது நான் சொல்ல வேண்டியது இல்ல. அத நீதான் அக்காட்ட சொல்லணும்"னான். பஸ் கெளம்பிருச்சு.

என்ன செருப்புன்னு பாக்குறீங்க.

ஒண்ணும் இல்ல சார். அக்கா தலை வலிக்குதுன்னு சொன்னாங்கல்ல, அப்ப இன்னொண்ணும் சொன்னாங்க. "வாடை ஒரு மாதிரி இருக்கு தணிகா, கதவ கொஞ்சம் தொறந்து வெச்சுக்கிறேனே"ன்னாங்க. கேட்டு, அவங்களே எந்திரிச்சு, தன் ரப்பர் செருப்புல ஒண்ண எடுத்துக் கதவு இடுக்குல குடுத்து வெச்சுட்டுப் போயி படுத்தாங்க. பச்சைக் கலரு. நாலு விரக்கடை இடுக்கு.

நான் வெளிய வந்து நின்னு பாக்குறேன். அந்த இடுக்கு வழியா குளிரு பூரா வெளிய போவுது. கால்ல படுது சார், அந்தக் குளிரு. தேரி மண்ணுல, அந்த வெயில்ல, பதினாலு நாளா நான் பாடுபட்டு உண்டாக்குன குளிரு, சும்மா மண்ணுக்குப் போவுது. மூணாவது யூனிட்டு வேற திணறுது. நான் குனிஞ்சு செருப்ப எடுத்து ஓரமா வெச்சேன். கதவு தானா வந்து மூடிக்கிச்சு. கிளிக்னு. கதவச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் நான் மாத்துனதுதான், ஈ போகாது. அந்தச் சத்தம் எனக்கு எப்பவும் பிடிக்கும்.

அக்கா கண்ண மூடிருந்தாங்க. தூங்கிட்டாங்கன்னு நினைச்சேன். மூடுனத அவங்க பாத்தாங்களா இல்லியான்னு தெரியல. ஞாபகம் இல்லன்னு சொன்னாங்க. டீ குடிக்கிறியான்னு கேட்டாங்க. குடிச்சேன்.

எல்லாத்தையும் சொன்னானே சார் அந்த எபி. யாரும் கேக்காததையெல்லாம் எந்திரிச்சு நின்னு சொன்னான். ஓட்டையச் சொன்னான், என்னையப் பொய்யன் ஆக்குனான், வேலையக் கெடுத்தான். இதயும் அதோட சேத்துச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அன்னிக்கே பந்தல்ல சொல்லிருந்தா, ரெண்டு அடி அடிச்சிருப்பாங்க, வாங்கிட்டு நானும் அவனத் திட்டிக்கிட்டே இருந்திருப்பேன். இத மட்டும் ஏன் என்கிட்டயே விட்டுட்டுப் போனான்? நான் எப்படிப் போயி அந்தம்மா முன்னாடி உக்காந்து சொல்லுவேன்?

அவன்தான் சார் சொல்லிருக்கணும். பாத்தவன் அவன். அவன்தான் சொல்லிருக்கணும்.